பழைய பெட்டிக்குள் குடியேறலாமா?

காசு போட்டு ஆடும் வீடியோ விளையாட்டுப் பெட்டியை நீங்கள் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். ஆள் உயரத்துக்கு ஒரு மரப்பெட்டி. நெற்றியில் விளக்கு எரியும் பெயர்ப்பலகை. அதற்குக் கீழே சற்றுச் சாய்ந்த திரை. இடுப்பு உயரத்தில் ஒரு கைப்பிடியும் சில பொத்தான்களும். முழங்கால் உயரத்தில் காசு போடும் துளை. இதற்கு ஆர்கேட் பெட்டி என்று பெயர். 1970-களிலும் 1980-களிலும் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் கடைத்தெருவெங்கும் இவை நின்றன.

இன்று அந்நாடுகளில் பலர் இத்தகைய பழைய பெட்டி ஒன்றை வாங்குகிறார்கள். உள்ளே இருப்பதைக் கழற்றி எறிகிறார்கள். அந்த இடத்தில், வீட்டுத் தொலைக்காட்சியோடு இணைத்து ஆடுகிற பழைய விளையாட்டுக் கருவிகளைப் பொருத்துகிறார்கள். நின்டெண்டோவின் ஃபாமிகாம் (1983), சேகாவின் மெகா டிரைவ் (1988) போன்றவை அந்தக் கருவிகள். ஒரே பெட்டி, உள்ளே நாலைந்து கருவிகள், ஆடுவதற்கு நூற்றுக்கணக்கான விளையாட்டுகள்!

இது சரியா? இதில் இரண்டு கட்சிகள் உண்டு. "குப்பைக்குப் போகும் பெட்டிக்கு மறுவாழ்வு கொடுக்கிறோம், இதில் என்ன தவறு?" என்கிறது ஒரு கட்சி. "வரலாற்றுப் பொருளைக் குடைந்து அலமாரி ஆக்குகிறீர்களே!" என்று வருந்துகிறது மற்றொன்று.

மாணவ நண்பர்களே, என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கூடாகக் கிடக்கும் பெட்டியில் தாராளமாகக் குடியேறலாம். உயிரோடு இருக்கும் பெட்டியைக் கொல்லக் கூடாது. எது கூடு, எது உயிருள்ளது என்று தெரிந்துகொள்ள ஆசை மட்டும் போதாது. கொஞ்சம் இயற்பியலும் வேண்டும். இந்த மூன்றாவது செய்தியைத்தான் இரண்டு கட்சியினரும் மறந்துவிடுகிறார்கள்.

மாற்றுவது புதிய பழக்கமா?

முதலில் மாற்றுபவர்களின் கட்சிக்கு நியாயம் செய்வோம். ஆர்கேட் பெட்டியை மாற்றி அமைப்பது அந்தத் தொழிலைப் போலவே பழைய வழக்கம்.

1980-இல் நின்டெண்டோ நிறுவனம் 'ரேடார் ஸ்கோப்' என்ற விளையாட்டை வெளியிட்டது. அமெரிக்காவில் அது விலை போகவில்லை. கிட்டத்தட்ட 2,000 பெட்டிகள் கிடங்கில் தேங்கி நின்றன. என்ன செய்வது? பெட்டியையும் திரையையும் அப்படியே வைத்துக்கொண்டு, உள்ளிருக்கும் மின்சுற்றை மட்டும் மாற்றி, புதிய விளையாட்டு ஒன்றை ஏற்றுவது என்று முடிவாயிற்று. அந்த விளையாட்டை வடிவமைக்கும் வேலை ஷிகேரு மியாமோட்டோ என்ற இளைஞரிடம் வந்தது. 1981-இல் பிறந்த அந்த விளையாட்டுத்தான் 'டாங்கி காங்'. பின்னாளில் மாரியோ என்று உலகப் புகழ் பெற்ற பாத்திரம் முதலில் தோன்றியது அதில்தான். ஆக, மாரியோவே ஒரு மாற்றுப் பெட்டியில் பிறந்த பிள்ளை!

வீட்டுக் கருவியை ஆர்கேட் பெட்டிக்குள் வைக்கும் யோசனையும் புதிதன்று. 1986-இல் நின்டெண்டோவே 'பிளேசாய்ஸ்-10' என்ற பெட்டியை விற்றது. வீட்டுக் கருவியின் மின்சுற்றை அடிப்படையாகக் கொண்ட அதில் 10 விளையாட்டுகளை ஏற்றலாம். போடும் காசுக்கு ஏற்ப ஆடும் நேரம் கிடைக்கும். 1990-இல் எஸ்.என்.கே. நிறுவனம் வெளியிட்ட 'நியோ ஜியோ'வில் வீட்டுக் கருவிக்கும் கடைப் பெட்டிக்கும் ஏறக்குறைய ஒரே மின்சுற்றுத்தான்.

ஜப்பானிய உற்பத்தியாளர் சங்கம் 1985-இல் 'ஜாமா' என்ற பொது இணைப்பு முறையை வகுத்தது. 56 முனைகள் கொண்ட ஒரே இணைப்பான். எந்த நிறுவனத்தின் பலகையானாலும் அதில் செருகினால் ஆடலாம். மாற்றுவதற்காகவே ஏற்பட்ட முறை இது. எனவே, "மாற்றவே கூடாது" என்பவர்கள் அந்தப் பெட்டிகளின் சொந்த வரலாற்றையே மறுக்கிறார்கள்.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. அன்று ஒரு பெட்டியை மாற்றினால் அதே மாதிரிப் பெட்டிகள் இன்னும் ஆயிரக்கணக்கில் வெளியே இருந்தன. இன்று அப்படி இல்லை. ஆற்றில் நீர் நிறைய ஓடும்போது ஒரு குடம் எடுத்தால் யாரும் கேட்கமாட்டார்கள். வற்றிய குளத்தில் எடுக்கும்போது கேட்பார்கள்.

பெட்டி வெறும் மரமா?

மாற்றுபவர்கள் செய்யும் பெரிய பிழை, பெட்டியை வெறும் மரச்சாமானாக நினைப்பது. ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள்.

1978-இல் ஜப்பானின் டைட்டோ நிறுவனத்துக்காக டொமொஹிரோ நிஷிகாடோ உருவாக்கிய 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' புகழ் பெற்ற விளையாட்டு. அதன் நின்று ஆடும் பெட்டியில் நீங்கள் பார்ப்பது திரையை அன்று. திரை பெட்டியின் கீழ்ப்பகுதியில் மறைந்திருக்கிறது. உங்கள் கண்ணெதிரே சாய்வாக இருப்பது ஒரு கண்ணாடி. அது விழும் ஒளியில் ஒரு பகுதியைப் பிரதிபலிக்கும். மீதியை ஊடுருவ விடும். அதற்குப் பின்னால் நிலவுப் பரப்பின் ஓவியம் விளக்கொளியில் தெரியும். ஆக, எதிரி உருவங்கள் நிலவின் முன்னே அந்தரத்தில் மிதப்பது போலத் தோன்றுகின்றன. உங்கள் பாடப்புத்தகத்தில் வரும் மாய பிம்பம்தான் இது! சமதளக் கண்ணாடி இடவல மாற்றம் செய்யும் அல்லவா? அதற்காகத் திரையில் படத்தை முன்கூட்டியே இடவலம் மாற்றி வைத்திருந்தார்கள்.

இந்தப் பெட்டியைக் குடைந்து, கண்ணாடியைக் கழற்றி, தட்டையான எல்.சி.டி. திரையைப் பொருத்தினால் என்ன ஆகும்? விளையாட்டு பிழைத்துக்கொள்ளும், அதன் ஒளியியல் போய்விடும். ஒளியியல் பாடம் நடத்த இதைவிட நல்ல கருவியை எந்தக் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் தேடுவது?

1979-இல் அட்டாரி வெளியிட்ட 'ஆஸ்டராய்ட்ஸ்' பெட்டியும் அப்படித்தான். சாதாரணத் தொலைக்காட்சியில் எலக்ட்ரான் கற்றை இடமிருந்து வலமாக, மேலிருந்து கீழாக, வரி வரியாகத் திரை முழுவதையும் தடவிச் செல்லும். ஆஸ்டராய்ட்ஸ் திரையில் கற்றை பேனா முனையைப் போலப் புள்ளியிலிருந்து புள்ளிக்கு நேராகக் கோடு இழுக்கும். ஃபாமிகாம் போன்ற கருவியை அந்தத் திரையோடு இணைக்கவே முடியாது. இணைக்க வேண்டுமென்றால் திரையைத் தூக்கி எறிய வேண்டும். அதைச் செய்யாதீர்கள் என்பதே என் வேண்டுகோள்.

ஒரே மொழி பேசும் இருவர்

ஆனால் பெரும்பாலான ஆர்கேட் திரைகள் வரி முறையில் இயங்குபவை. அங்கே ஓர் அழகான பொருத்தம் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஜப்பான், அமெரிக்கக் கருவிகள் வினாடிக்குச் சுமார் 60 படங்களைத் தருகின்றன. ஒவ்வொரு படத்துக்கும் 262 வரிகள். 262-ஐ 60-ஆல் பெருக்கினால் 15,720. அதாவது எலக்ட்ரான் கற்றை வினாடிக்குச் சுமார் 15,700 தடவை திரையின் குறுக்கே ஓட வேண்டும். அக்காலத்து ஆர்கேட் திரைகளில் பெரும்பாலானவையும் இதே வேகத்துக்காகச் செய்யப்பட்டவைதான். ஆர்கேட் திரைகளை வண்ணத் தொலைக்காட்சித் தொழில்நுட்பத்திலிருந்தே உருவாக்கினார்கள் என்பது இதற்குக் காரணம். ஆகவே பழைய கருவியும் பழைய திரையும் ஒரே மொழி பேசுகின்றன.

உச்சரிப்பில் மட்டும் சிறு வேறுபாடு. ஆர்கேட் திரை சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று நிறச் சைகைகளையும் தனித்தனிக் கம்பிகளில் எதிர்பார்க்கும். வீட்டுக் கருவிகளில் பல அவற்றை ஒன்றாகக் கலந்து ஒரே கம்பியில் அனுப்பும். முதல் ஃபாமிகாம் இன்னும் ஒரு படி மேலே போய், அதை வானொலி அலைவரிசையில் ஏற்றி ஆண்டெனா முனைக்கு அனுப்பியது. மெகா டிரைவ் போன்றவை மூன்று நிறங்களையும் பிரித்துத் தரவல்லவை. ஆனால் அவை தரும் சைகையின் உச்சம் சுமார் 0.7 வோல்ட், ஆர்கேட் திரைக்கு அதைப் போலப் பல மடங்கு தேவை. இடையில் ஒரு சிறு பெருக்கி வைத்தால் போதும்.

பழைய திரையை எறிந்துவிட்டு எல்.சி.டி. வைத்தால் என்ன குறை? அதில் புள்ளிகளின் எண்ணிக்கை நிலையானது. வரும் 240 வரிப் படத்தை அது தன் அளவுக்கு நீட்டிக்கொள்ள வேண்டும். சில திரைகள் இதற்கு ஒன்றிரண்டு படங்களின் நேரத்தை, சில அதற்கும் மேலான நேரத்தை எடுத்துக்கொள்கின்றன. ஒரு படத்தின் நேரம் ஒரு வினாடியில் 60-இல் ஒரு பங்கு, ஏறக்குறைய 17 மில்லி வினாடி. குதிக்கும் பொத்தானை அழுத்திய பிறகு மாரியோ சற்றே யோசித்துக் குதிப்பது போலத் தோன்றும். நன்றாக ஆடத் தெரிந்தவர்களுக்கு இது உறுத்தும்.

பொத்தானுக்குப் பின்னால்

இந்த மாற்ற வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி கைப்பிடியும் பொத்தான்களும்தான். மாணவர்களுக்குக் கற்றுக்கொள்ள இதில் நிறைய உண்டு, அபாயமும் குறைவு.

ஆர்கேட் கைப்பிடியின் அடியில் நான்கு சிறு சுவிட்சுகள் இருக்கும். மேல், கீழ், இடம், வலம் என்று திசைக்கு ஒன்று. கைப்பிடியைச் சாய்த்தால் அந்தப் பக்கத்துச் சுவிட்சு 'க்ளிக்' என்று மூடும். ஒவ்வொரு சுவிட்சிலிருந்தும் ஒரு கம்பி தனியாகப் பலகைக்குப் போகும். எட்டுச் சுவிட்சு என்றால் எட்டுக் கம்பி, அத்துடன் ஒரு பொதுக் கம்பி.

நின்டெண்டோ வீட்டுக் கருவியின் கைக்கட்டுப்பாட்டிலும் எட்டுப் பொத்தான்கள் உண்டு. ஆனால் அதிலிருந்து வெளியே வருபவை ஐந்தே கம்பிகள்! அவற்றிலும் இரண்டு மின்சாரம் தருபவை. மீதி மூன்று கம்பிகளில் எட்டுப் பொத்தான்களின் செய்தி எப்படிப் போகிறது?

உள்ளே 4021 என்ற எண்ணுள்ள ஒரு சிறு சில்லு இருக்கிறது. கருவி ஒரு கம்பியில், "இப்போது எந்தெந்தப் பொத்தான்கள் அழுத்தப்பட்டுள்ளன? குறித்துக்கொள்" என்று ஆணையிடும். சில்லு எட்டையும் ஒரே கணத்தில் குறித்துக்கொள்ளும். பிறகு கருவி இரண்டாவது கம்பியில் தாளம் போடும். ஒவ்வொரு தாளத்துக்கும் சில்லு மூன்றாவது கம்பியில் ஒரு பொத்தானின் நிலையைச் சொல்லும். ஆசிரியர் வருகைப் பதிவேடு வாசிப்பது போல! இந்த வருகைப் பதிவு பெரும்பாலும் வினாடிக்கு 60 தடவை நடக்கிறது.

பெட்டியில் பொருத்துவதற்கு என்ன செய்ய வேண்டும்? பழுதான கைக்கட்டுப்பாடு ஒன்றைத் திறந்து, அதன் ஒவ்வொரு பொத்தான் தொடுமுனையிலிருந்தும் கம்பி எடுத்து, ஆர்கேட் சுவிட்சுக்குப் பற்றவைக்க வேண்டும். அவ்வளவுதான். கருவிக்கு வித்தியாசமே தெரியாது. அழுத்துவது விரலா, ஆர்கேட் கைப்பிடியா என்று அது கேட்பதில்லை. சுற்று மூடியதா என்று மட்டுமே பார்க்கிறது. ஒரு பிற்பகலில் இதைச் செய்து முடிக்கும் மாணவன், இணையாகச் செய்தி அனுப்புவதற்கும் வரிசையாக அனுப்புவதற்கும் உள்ள வேறுபாட்டை வாழ்நாள் முழுவதும் மறக்கமாட்டான்.

திரையின் மேல் ஒரு டன்

இனி அபாயத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதைச் சொல்லாமல் இப்பொருளைப் பற்றி எழுதுவது தவறு.

படக்குழாய்க்குள் வெற்றிடம். வெளியே காற்று மண்டலம் சதுர செ.மீ.க்குச் சுமார் ஒரு கிலோகிராம் எடைக்கு நிகராக அழுத்துகிறது. 19 அங்குலத் திரையின் முகப்பு ஏறக்குறைய 38 செ.மீ. அகலம், 29 செ.மீ. உயரம். பரப்பு 1,102 சதுர செ.மீ. ஆக, முகப்பின் மேல் மட்டும் ஒரு டன்னுக்கு மேற்பட்ட எடைக்கு நிகரான விசை! குழாயின் கழுத்தோ மெல்லிய கண்ணாடி. அதில் திருப்புளி இடித்தால் காற்று உட்புகுந்து குழாய் பாழாகும். குழாய் உடைந்தால் கண்ணாடித் துண்டுகள் சிதறும்.

அடுத்தது மின்சாரம். எலக்ட்ரான்களை முடுக்க வண்ணக் குழாய்க்கு 20,000 வோல்ட் அல்லது அதற்கும் மேல் வேண்டும். குழாயின் உட்புறப் பூச்சும் வெளிப்புறப் பூச்சும், இடையே கண்ணாடியும் சேர்ந்து ஒரு மின்தேக்கி ஆகிவிடுகின்றன. மின்சாரத்தை நிறுத்திய பிறகும் அதில் மின்னூட்டம் தங்கியிருக்கலாம். அதன் மின்தேக்குதிறன் 2 நானோஃபாரட், மின்னழுத்தம் 25,000 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். மின்தேக்குதிறனில் பாதியை மின்னழுத்தத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் ஆற்றல் கிடைக்கும்: 0.6 ஜூலுக்குச் சற்று அதிகம். மின்வழங்கியில் இருக்கும் 200 மைக்ரோஃபாரட், 150 வோல்ட் மின்தேக்கிக்கும் அதே கணக்கைப் போடுங்கள்: 2.25 ஜூல்! பார்வைக்குச் சாதுவான இது, பயமுறுத்தும் அதைவிட மூன்று மடங்குக்கு மேல் ஆற்றலைத் தாங்கியிருக்கிறது. வோல்ட் மட்டுமே அபாயத்தின் அளவுகோல் அன்று என்பதை இதிலிருந்து அறியலாம்.

மூன்றாவது, மின்மாற்றி. அமெரிக்கப் பெட்டிகள் பலவற்றில் திரையின் மின்சுற்று, மின் இணைப்போடு நேரடித் தொடர்புடையது. இரண்டையும் பிரித்து வைக்க ஒரு தனிமைப்படுத்தும் மின்மாற்றி இருக்கும். "இந்தக் கனமான இரும்பு எதற்கு?" என்று அதைக் கழற்றிவிட்டால், நீங்கள் தொடும் உலோகத்திலேயே மின்சாரம் வந்து நிற்கக்கூடும். மேலும் அமெரிக்காவில் வீட்டு மின்னழுத்தம் 120 வோல்ட், ஜப்பானில் 100, நம் நாட்டில் 230. அங்கிருந்து வந்த பெட்டியை இங்கே அப்படியே செருகினால் புகைதான் மிஞ்சும்.

நம் ஊரிலும் படக்குழாய்க்குப் பஞ்சமில்லை. 2006-இல் தொடங்கித் தமிழக அரசு வழங்கிய 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சிகள் படக்குழாய் வகையைச் சேர்ந்தவைதான். உங்கள் வீட்டுப் பரணில் ஒன்று இருக்கலாம். அதன் பின்மூடியை நீங்களாகக் கழற்றாதீர்கள். இருபது முப்பது ஆண்டுகள் தொலைக்காட்சி பழுது பார்த்த மெக்கானிக் ஒருவர் உங்கள் தெருவிலேயே இருப்பார். அவர் திறக்கும்போது அருகில் நின்று பாருங்கள், கேள்வி கேளுங்கள். அவருடைய அறிவும் அந்தப் படக்குழாய்களோடு சேர்ந்து மறைந்துகொண்டிருக்கிறது.

நான் வைக்கும் நான்கு விதிகள்

ஒன்று: முழுமையாக இருக்கும் பெட்டியைத் தொடாதீர்கள். பலகை, திரை, கண்ணாடி, பெயர்ப்பலகை எல்லாம் இருந்தால், ஓடாவிட்டாலும், அது பழுது பார்க்க வேண்டிய பெட்டி. மாற்ற வேண்டிய பெட்டி அன்று. ஏற்கெனவே குடையப்பட்டு, கரையான் அரித்து நிற்பதில் குடியேறுங்கள். அதுவும் கிடைக்காவிட்டால் ஒட்டுப்பலகையில் புதிதாகச் செய்துகொள்ளுங்கள். நல்ல தச்சருக்கு இது பெரிய வேலையன்று.

இரண்டு: திரும்பப் பெற முடியாத எதையும் செய்யாதீர்கள். ரம்பமும் துளைக்கருவியும் பழைய மரத்தைத் தொட வேண்டாம். பொத்தான் பலகையைத் தனியாகச் செய்து, பழையதைக் கழற்றிய இடத்தில் மாட்டுங்கள். கழற்றியதைப் பெயரெழுதிப் பத்திரமாக வையுங்கள்.

மூன்று: படக்குழாய் உயிரோடு இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். படக்குழாய் உற்பத்தி உலகில் ஏறக்குறைய நின்றுவிட்டது. எறிந்தால் இன்னொன்று செய்து தர ஆளில்லை. அதன் கண்ணாடியில் ஈயம் இருப்பதால் குப்பையில் போடுவதும் தீங்கு.

நான்கு: மின்சாரத்தை ஒழுங்குபடுத்துங்கள். ஒரு பெட்டியில் நாலு கருவி என்றால் நாலு அடாப்டர். உருவத்தில் அவை ஒன்றுபோல் இருக்கும், குணத்தில் வேறு. நின்டெண்டோவின் அமெரிக்கக் கருவிக்கான அடாப்டர் 9 வோல்ட் மாறுமின்னோட்டம் தருவது. ஜப்பானிய ஃபாமிகாமுக்கு வேண்டியது 10 வோல்ட் நேர்மின்னோட்டம். மாற்றிச் செருகினால் ஃபாமிகாம் பழுதாகும். ஒவ்வொன்றிலும் சீட்டு ஒட்டுங்கள். வெப்பம் வெளியேற வழி விடுங்கள்.

"இவ்வளவு பாடு எதற்கு?"

இப்படி ஒருவர் கேட்கலாம். "உள்ளங்கை அளவுக் கணிப்பொறிப் பலகை ஒன்றை வைத்தால் ஆயிரம் விளையாட்டுகள் ஓடுமே! பழைய கருவிகளைச் சுமப்பானேன்?"

நியாயமான கேள்வி. ஆடுவது மட்டும் நோக்கம் என்றால் அதுவே எளிது. ஆனால் ஒன்றைச் சொல்கிறேன். ஸ்பேஸ் இன்வேடர்ஸில் எதிரிகள் குறையக் குறைய அவர்களின் வேகம் கூடும். ஏன்? அக்காலத்து நுண்செயலியால் அத்தனை உருவங்களையும் வேகமாக நகர்த்த முடியவில்லை. எண்ணிக்கை குறைந்ததும் அதன் சுமை குறைந்தது, மிஞ்சியவை விரைந்தன. நிஷிகாடோ அதைத் திருத்தாமல் விட்டார். அதுவே விளையாட்டின் சுவை ஆயிற்று. சிறு பலகையில் ஓடும் நகலும் இந்த வேகத்தைக் காட்டும். ஆனால் அந்தப் பலகையை எத்தனை முறை உற்றுப் பார்த்தாலும் காரணம் தெரியாது. எல்லாமே ஒரே கறுப்புச் சில்லுக்குள் அடங்கிவிட்டது. பழைய கருவியிலோ செயலி ஓரிடம், நினைவகம் ஓரிடம், கைப்பிடியின் செய்தி போகும் கம்பி ஓரிடம் என்று விரல் வைத்துக் காட்டலாம்.

இன்று நம் கையில் இருக்கும் பொருள்களில் பெரும்பாலானவை திறக்க முடியாதவை. ஒட்டி மூடப்பட்டவை. பழுதானால் எறிந்துவிடு, புதிது வாங்கு என்கின்றன. இப்படியே பழகிய தலைமுறைக்கு, பொருள்களுக்கு உள்ளே ஏதோ நடக்கிறது என்ற எண்ணமே அற்றுப்போய்விடுமோ என்று ஓர் ஆசிரியனாக நான் அஞ்சுகிறேன். எழுதிப் படித்த சூத்திரத்தைத் தேர்வில் சரியாக எழுதும் மாணவன், அதே சூத்திரம் ஒரு மரப்பெட்டிக்குள் 25,000 வோல்ட்டாகக் காத்திருப்பதை அறியாமல் கை விடுகிறான் என்றால், படிப்பு எங்கோ தவறிவிட்டது என்றுதானே பொருள்?

எனவே பழைய பெட்டியை நேசிப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ரம்பத்தை எடுப்பதற்கு முன் தாளும் பென்சிலும் எடுங்கள். உள்ளே எந்தக் கம்பி எங்கிருந்து எங்கே போகிறது என்று வரையுங்கள். எந்தப் பாகம் எதற்கு என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள். அந்தப் படம் முழுமையான பிறகு, பெட்டியில் குடியேறலாமா என்ற கேள்விக்கு விடை அந்தத் தாளிலேயே இருக்கும். படத்தை முடிக்க முடியவில்லை என்றால், அந்தப் பெட்டியை மாற்றும் உரிமை உங்களுக்கு இன்னும் வரவில்லை.